எல்லை தாண்டும் போனில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது

விமானம் இறங்கி இமிக்ரேஷன் வரிசையில் போய் நிற்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்கும் போனுக்குப் பொருந்தும் சட்டமே வேறாகிவிடுகிறது. பலருக்கு இது தெரியாது. தெருவில் ஒரு போலீஸ்காரர் போனைக் கேட்டால் "எதுக்கு சார்?" என்றாவது கேட்போம். கவுண்டரில் சீருடை போட்ட அதிகாரி "திறந்து கொடுங்கள்" என்றால் கை தானாக நீண்டுவிடும். கொடுத்தால் எதையெல்லாம் பார்ப்பார்கள், மறுக்கலாமா, மறுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அங்கே அவகாசம் இருக்காது. இருபது மணி நேரப் பயணக் களைப்பு, பின்னால் நீண்ட வரிசை, வெளியே காத்திருக்கும் உறவினர். அதனால் இதை வீட்டிலேயே, பெட்டி கட்டும்போதே யோசித்து முடிவெடுத்துவிட வேண்டும்.

இங்கே அமெரிக்காவை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். படிப்புக்கும் வேலைக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கவும் நம் ஊரிலிருந்து நிறையப் பேர் அங்கே போகிறார்கள். அதோடு, அந்நாட்டின் விதிகள் எழுத்தில் இருக்கின்றன, நீதிமன்றங்களில் வாதிக்கப்பட்டும் இருக்கின்றன. மற்ற சில நாடுகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எல்லையில் மட்டும் ஏன் வேறு சட்டம்?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம், காரணம் இல்லாமல் ஒருவருடைய வீட்டையோ பொருளையோ அரசு சோதனை போடக் கூடாது என்கிறது. 2014இல் ரைலி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்: கைது செய்யப்பட்ட ஆளாகவே இருந்தாலும், அவருடைய செல்போனைப் பார்க்கப் போலீஸ் பொதுவாக வாரண்ட் வாங்க வேண்டும். ஒரு மனிதனுடைய வாழ்க்கை முழுவதும் அதற்குள் இருக்கிறது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது.

ஆனால் எல்லைக்கு ஒரு பழைய விதிவிலக்கு உண்டு. நாட்டுக்குள் வரும் சரக்கை வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாம் என்பது 1789இல் முதல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சுங்கச் சட்டத்திலிருந்தே இருந்து வருகிறது. கப்பலில் வரியேய்த்து வரும் சாராயப் பீப்பாயைப் பிடிக்க உருவான அதிகாரம் அது. அதே அதிகாரத்தை வைத்துத்தான் இன்று உங்கள் பத்து வருடக் குறுஞ்செய்திகளையும் பார்க்கிறார்கள். இது சரியா என்று நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. பாஸ்டனில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல், சாதாரணமாகப் புரட்டிப் பார்க்கச் சந்தேகம்கூடத் தேவையில்லை என்றது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு மத்திய நீதிபதி 2024 ஜூலையில், ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் நடந்த சோதனை பற்றிய வழக்கில், வாரண்ட் வேண்டும் என்றார். ஒரு நீதிபதி சொன்னது மற்ற ஊர் விமான நிலையங்களைக் கட்டுப்படுத்தாது. பெட்டிக்கு எழுதிய விதியைப் போனுக்கும் பொருத்துவது அநியாயம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் உங்கள் விமானம் இறங்கும் நாளில் நடைமுறையில் இருப்பது இந்த விதிதான். அதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

இரண்டு வகைச் சோதனை

அமெரிக்க எல்லையில் இந்த வேலையைச் செய்வது சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறை. சுருக்கமாக சி.பி.பி. இந்தத் துறை 2018 ஜனவரியில் வகுத்த விதியின்படி சோதனை இரண்டு வகை.

முதல் வகை அடிப்படைச் சோதனை. அதிகாரி போனைக் கையில் வாங்கி, நாம் புரட்டுவதுபோலவே புரட்டிப் பார்ப்பார். கேலரி, வாட்ஸ்ஆப், மின்னஞ்சல், தொடர்பு எண்கள். இதற்கு எந்தச் சந்தேகமும் தேவையில்லை. இரண்டாவது வகை மேம்பட்ட சோதனை. போனை ஒரு கருவியோடு இணைத்து, உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்து ஆராய்வார்கள். இதற்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ வேண்டும், மேலதிகாரியின் அனுமதியும் வேண்டும். இப்படிப் பிரதி எடுத்த தகவலை 15 ஆண்டுகள் வரை அரசின் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது 2022இல் ஒரு செனட்டர் எழுதிய கடிதம் மூலம் வெளியே வந்தது.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். போனுக்குள்ளேயே இருப்பதை மட்டும்தான் பார்க்கலாம். இணையத்தில், வேறு சர்வரில் மட்டும் இருப்பதைப் போன் வழியாக இறக்கிப் பார்க்கக் கூடாது. அதனால்தான் சோதனைக்கு முன் போனை ஏர்பிளேன் மோடில் போடச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. போனில் இருப்பதற்கும் க்ளவுடில் இருப்பதற்கும் நடுவே உள்ள இந்தக் கோடுதான் உங்களுக்குக் கிடைக்கும் முக்கியமான பாதுகாப்பு.

எத்தனை பேருக்கு இப்படி நடக்கிறது? 2015 நிதியாண்டில் சுமார் 8,500 சோதனைகள். 2024 நிதியாண்டில் 47,000க்கும் மேல். பெரும்பாலானவை அடிப்படைச் சோதனைகள். அந்த ஆண்டு அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் சுமார் 42 கோடி பேர், அதாவது சுமார் ஒன்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. உங்களுக்கு நடக்காமலே போகலாம். ஆனால் கணக்கு ஏறிக்கொண்டேதான் போகிறது, அந்த ஒருவராக இருப்பவருக்கோ அன்றைய நாளே வேறாகிவிடுகிறது.

இன்னொரு விஷயம், நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. அபுதாபி வழியாக அமெரிக்கா போகிறவர்களுக்கு அமெரிக்க இமிக்ரேஷன் சோதனை அபுதாபி விமான நிலையத்திலேயே முடிந்துவிடும். 2014 முதல் அங்கே சி.பி.பி. அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். "இன்னும் பதினாலு மணி நேரம் இருக்கே, அமெரிக்கா போய் இறங்கும் முன்னால் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். செய்ய வேண்டியதை எல்லாம் சென்னையில் விமானம் ஏறும் முன்பே செய்துவிடுங்கள்.

கேலரிக்குள் இருப்பது யாருடையது?

"எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். போனில் கேலரியைத் திறந்து, வாட்ஸ்ஆப் படங்கள் என்று இருக்கும் ஃபோல்டருக்குள் போய்க் கீழே தள்ளிக்கொண்டே போங்கள்.

பூ வைத்த காலை வணக்கங்கள், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, ஆதார் அட்டையின் இரு பக்கமும், மாமாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், வீட்டுப் பத்திரத்தின் புகைப்படம், தேர்தல் நேரத்து மீம், எங்கோ நடந்த குண்டுவெடிப்பின் வீடியோ, ஒரு கட்சித் தலைவரைக் கெட்ட வார்த்தையில் திட்டும் ஆடியோ. இவற்றில் பாதியை நீங்கள் திறந்தே பார்த்திருக்க மாட்டீர்கள். குரூப்பில் யாரோ போட்டார்கள், போன் தானாக இறக்கிக் கேலரியில் சேர்த்துவிட்டது. ஆனால் அதைப் பார்க்கும் அதிகாரிக்கு அது உங்கள் போனில் இருக்கும் படம். குரூப்பில் 250 பேர் இருக்கிறார்கள் என்பதோ, அனுப்பியவரை உங்களுக்கு முகம்கூடத் தெரியாது என்பதோ படத்தில் எழுதியிருக்காது.

இது வெறும் ஊகம் இல்லை. 2019 ஆகஸ்டில், ஹார்வர்டில் முதலாம் ஆண்டு சேர வந்த ஒரு பாலஸ்தீன மாணவரைப் பாஸ்டன் விமான நிலையத்தில் பல மணி நேரம் விசாரித்து, போனையும் லேப்டாப்பையும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தன் நண்பர்கள் சமூக ஊடகத்தில் எழுதியதைக் காட்டித்தான் அதிகாரி தன்னைக் கேள்வி கேட்டதாக அவர் சொன்னார். அவர் எழுதியது ஒன்றுமில்லை. பிரச்சினை பெரிதாகி, சில நாட்கள் கழித்து அவரை அனுமதித்தார்கள். 2025 மார்ச்சில் அதே விமான நிலையத்தில், விசாவோடு வந்த லெபனான் மருத்துவர் ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் போனில் லெபனானின் ஆயுத அமைப்பான ஹிஸ்புல்லாவின் தலைவர்களுடைய படங்கள் இருந்ததாக அரசு நீதிமன்றத்தில் சொன்னது. அந்தப் படங்கள் இருந்த இடம், ஏற்கெனவே நீக்கியவை போய் உட்காரும் ஃபோல்டர்.

இந்த இடம் முக்கியம். படத்தை அழித்தால் அது உடனே போய்விடாது. ஐபோனில் 30 நாள் வரை ‘அண்மையில் நீக்கியவை’ என்ற ஃபோல்டரில் இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான் அழித்ததாக அர்த்தம்.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. விடுதலைப் புலிகள் இயக்கம் இந்தியாவில் 1992 முதலும், அமெரிக்காவில் 1997 முதலும், பிரிட்டனில் 2001 முதலும், கனடாவில் 2006 முதலும் தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் பட்டியலில் இருக்கிறது. இலங்கையிலும் தடை உண்டு. நவம்பர் மாதம் வந்தால் நம் குரூப்களில் அந்தக் கொடியும் படங்களும் எவ்வளவு சுற்றும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பகிர்பவர்களுக்கு அது செத்துப்போன தம்பியின் நினைவாக, ஊரின் துக்கமாக இருக்கலாம். கொழும்பிலோ லண்டனிலோ கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் அதைத் தடைசெய்யப்பட்ட அமைப்பின் சின்னமாக மட்டுமே பார்ப்பார். நினைவை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. பயணப் போனில் அது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இதற்குத் தீர்வு மிகச் சின்னது. வாட்ஸ்ஆப் செட்டிங்ஸில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் ‘மீடியா விசிபிலிட்டி’ என்பதையும் அணைத்துவிடுங்கள். அப்புறம், படிக்கவே படிக்காத குரூப்களிலிருந்து வெளியேறுங்கள். குரூப்பை ஆர்க்கைவ் செய்வது மறைப்பது ஆகாது. ஒரே ஒரு தொடலில் அது திறந்துவிடும்.

பூட்டு எப்போது பூட்டு?

இனி கொஞ்சம் தொழில்நுட்பம். போனில் இருப்பதை எல்லாம் படிக்க முடியாத எழுத்துக் குவியலாக மாற்றி வைப்பதற்குப் பெயர் குறியாக்கம். நல்ல பாஸ்கோடு போட்ட ஐபோனிலும் இன்றைய ஆண்ட்ராய்டு போன்களிலும் இது தானாகவே நடக்கிறது. குவியலைத் திரும்பப் படிக்கும் தகவலாக்க ஒரு சாவி வேண்டும், அந்தச் சாவி உங்கள் பாஸ்கோடோடு பிணைந்திருக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. போன் திரை பூட்டியிருப்பதும், போன் முழுதாக அணைந்திருப்பதும் ஒன்றல்ல. ஒரு தடவை பாஸ்கோடு போட்டுத் திறந்துவிட்டால், பிறகு திரையைப் பூட்டினாலும் சாவி போனின் நினைவகத்தில் இருந்துகொண்டே இருக்கும். தகவலைப் பிரித்தெடுக்கும் கருவிகளுக்கு அந்த நிலையில் வேலை சுலபம். போனை முழுதாக அணைத்துவிட்டால் சாவி நினைவகத்திலிருந்து போய்விடும்.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். ஐபோனை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். பாஸ்கோடு போடாதீர்கள். இப்போது இன்னொரு போனிலிருந்து, உங்கள் தொடர்பில் பெயரோடு சேமித்திருக்கும் ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். மணி அடிக்கும். ஆனால் திரையில் "அம்மா" என்று வராது, வெறும் எண்தான் வரும். பெயர் இருக்கும் பட்டியல் இன்னும் குறியாக்கத்துக்குள்ளேயே கிடக்கிறது, போனுக்கே அதைப் படிக்கத் தெரியாது. பாஸ்கோடு போட்ட பிறகு மறுபடி அழைத்தால் அம்மா வந்துவிடுவார். இரண்டு அழைப்புக்கும் நடுவே நடந்ததுதான் குறியாக்கம் திறப்பது. அதனால்தான் தரையிறங்கும் முன் போனை அணைத்துவிடுங்கள் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். போன் நிறுவனங்களுக்கும் இது தெரியும். ஐபோனில் 2024இலும் ஆண்ட்ராய்டில் 2025இலும், மூன்று நாள் தொடர்ந்து திறக்காமல் இருந்தால் போன் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும் வசதியைச் சேர்த்தார்கள்.

லேப்டாப்புக்கும் இதே கதைதான். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்குகிறதே தவிர, அணையவில்லை. முழுதாக ஷட்டவுன் செய்ய வேண்டும். ஆப்பிள் மடிக்கணினியில் ஃபைல்வால்ட், விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற குறியாக்க வசதி இயங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். இயங்கவில்லை என்றால், விண்டோஸ் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எல்லாம் தெரியும். போலீஸ், கஸ்டம்ஸ் எல்லாம் விடுங்கள், விமான நிலையத்தில் லேப்டாப் திருடு போனாலும் உங்களைக் காப்பாற்றப்போவது இதுதான்.

பாஸ்கோடைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்த வருஷம், 1234, திரையில் கோடு இழுக்கும் பேட்டர்ன் எல்லாம் வேண்டாம். குறைந்தது ஆறு இலக்கம், முடிந்தால் எழுத்தும் எண்ணும் கலந்தது. கைரேகை, முகம் வைத்துத் திறப்பதைப் பயண நாளில் நிறுத்திவைப்பது நல்லது. போனை உங்கள் முகத்துக்கு நேரே காட்ட ஒரு நொடி போதும். ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால், அடுத்த தடவை பாஸ்கோடு மட்டும்தான் கேட்கும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் மெனுவில் ‘லாக்டவுன்’ என்று இருக்கும்.

கொண்டுபோவதைக் குறையுங்கள்

இவ்வளவு பூட்டு போட்டும், அதிகாரி பாஸ்கோடைக் கேட்டு நீங்கள் கொடுத்துவிட்டால் எல்லாம் திறந்துவிடும். விசாவில் போகிற ஒருவர் கொடுக்காமல் இருப்பது எளிதல்ல. அதனால் நான் பூட்டைவிட அதிகம் நம்புவது குறைப்பதைத்தான். கல்யாணத்துக்குப் போகிறவர் போட்டுக்கொள்ளும் நகையை எடுத்துப் போவார், பீரோவையே தூக்கிக்கொண்டு போகமாட்டார். போனை மட்டும் நாம் பீரோவோடு தூக்கிக்கொண்டு போகிறோம்.

மறைப்பது வேறு, குறைப்பது வேறு. ரகசிய ஃபோல்டர், கால்குலேட்டர் போல வேஷம் போடும் ஆப் எல்லாம் மறைப்பது. அதிகாரி கண்டுபிடித்தால் உங்கள் மீது சந்தேகம் கூடும். குறைப்பது என்றால் அந்தத் தகவல் போனில் உண்மையிலேயே இல்லை. கேட்டால் "இல்லை" என்று உண்மையைச் சொல்லலாம்.

முதலில் முழு பேக்கப் எடுத்து வீட்டிலேயே வையுங்கள். போன் பறிமுதலானாலும் தொலைந்தாலும் இழப்பு போனின் விலையோடு முடியும். பிறகு படங்கள் க்ளவுடில் ஏறியதை உறுதி செய்துகொண்டு போனிலிருந்து எடுத்துவிடுங்கள். வங்கி ஆப், அலுவலக மின்னஞ்சல், டிஜிலாக்கர் போன்றவற்றில் இந்தப் பயணத்துக்கு வேண்டாதவற்றை நீக்கிவிடலாம், போய்ச் சேர்ந்த பிறகு திரும்ப நிறுவிக்கொள்ளலாம். இங்கே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். திரும்ப உள்நுழைய ஓ.டி.பி. எந்த எண்ணுக்கு வரும்? இந்திய சிம் அங்கே ரோமிங்கில் வேலை செய்யுமா? இதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வெளிநாட்டில் சொந்த வங்கிக் கணக்குக்குள் போக முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் ஆப்) பயன்படுத்துகிறவர்கள் அதில் பயணத்துக்கான வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பாஸ்வேர்டில் ‘டிராவல் மோட்’ என்று ஒன்று உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த பெட்டகங்களைத் தவிர மற்றவை போனிலிருந்தே போய்விடும், ஊர் போய்ச் சேர்ந்ததும் திரும்ப வரவழைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்ஆப் அரட்டைகளுக்கு பேக்கப் எடுக்கும்போது, முனைக்கு முனை குறியாக்கம் என்ற வசதியை ஆன் செய்யுங்கள். 2021 முதல் இருக்கிறது. ஆன் செய்யாத பேக்கப்பைக் கூகுளோ ஆப்பிளோ அரசின் உத்தரவு வந்தால் எடுத்துக் கொடுக்க முடியும்.

வசதி உள்ளவர்கள் பயணத்துக்கென்று ஒரு பழைய போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன்போல ஆக்கி, வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு படமும் ஒரு மெசேஜும் இல்லாத துடைத்துவைத்த போனும் கேள்வியை வரவழைக்கும். விமான டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு, போகும் இடத்து உறவினரின் எண், குடும்பப் படங்கள் சில, நான்கைந்து பேரோடு நடக்கும் சாதாரண அரட்டை. இப்படி ஒரு பயணியின் போனாக அது இருக்கட்டும்.

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இது இரட்டைப் பொறுப்பு. லேப்டாப் உங்களுடையது இல்லை, உள்ளே இருப்பது வாடிக்கையாளரின் தரவு. கிளம்பும் முன் அலுவலகத்தில் கேளுங்கள்: எல்லையில் திறக்கச் சொன்னால் என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும், பயணத்துக்குத் தனி லேப்டாப் உண்டா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், பத்திரிகையாளர்கள் நிலையும் இதுதான். அவர்களிடம் இருப்பது மற்றவர்கள் நம்பிச் சொன்ன ரகசியம். வழக்கறிஞர்–கட்சிக்காரர் தகவல் இருந்தால் அதைத் தனியாகக் கையாள சி.பி.பி. விதியிலேயே வழிமுறை இருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று அந்த இடத்தில் வாய் திறந்து சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கவுண்டரில்

பொய் சொல்லாதீர்கள். கவுண்டரில் நிற்பவருக்கு இதைவிட முக்கியமான அறிவுரை இல்லை. அமெரிக்காவில் மத்திய அதிகாரியிடம் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம், 5 ஆண்டு வரை சிறை உண்டு. பாஸ்கோடு கொடுக்க மறுப்பது வேறு விஷயம். ஆனால் "மறந்துபோச்சு", "இது என் போன் இல்லை" என்று சொல்லி மாட்டிக்கொண்டால், போனில் இருந்ததைவிடச் சொன்ன பொய்தான் பெரிய குற்றமாகிவிடும்.

மறுத்தால் என்ன ஆகும் என்பது நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை நாட்டுக்குள் விடாமல் இருக்க முடியாது. தாமதிக்கலாம், போனைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் உள்ளே வர உரிமை உண்டு, ஆனால் நிலைமை சிக்கலானால் குடியேற்ற வழக்கறிஞர் தேவைப்படுவார். மாணவர் விசா, ஹெச்-1பி என்ற வேலை விசா, பார்வையாளர் விசாவில் வருகிறவரை மறுப்பைக் காரணமாக வைத்துத் திருப்பி அனுப்பிவிட முடியும். அதனால் விசாவில் போகிறவர்கள், கேட்டால் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்று எண்ணியே போனைத் தயார் செய்யுங்கள். முன்னே சொன்ன குறைக்கும் வேலை அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

கொடுக்கிற முடிவு எடுத்தால், பாஸ்கோடைச் சொல்லாமல் நீங்களே போட்டுத் திறந்து தர முடியுமா என்று கேளுங்கள். ஏர்பிளேன் மோடில் இருப்பதைக் கண்ணால் பாருங்கள். போனை வைத்துக்கொள்வதாகச் சொன்னால் ரசீது கேளுங்கள், 6051டி என்ற எண் கொண்ட படிவம் அது. பொதுவாக 5 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது விதி, ஆனால் மேலதிகாரி நீட்டிக்கலாம். அதிகாரியின் பெயர் அல்லது பேட்ஜ் எண், நேரம், என்ன கேட்டார்கள் என்பதை வெளியே வந்ததும் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உறவினர் எண்ணையும் போகும் முகவரியையும் ஏற்கெனவே காகிதத்தில் எழுதிவைத்திருந்தால் போன் இல்லாமலும் வழி தெரியும். வயதான அம்மா அப்பாவைத் தனியாக அனுப்பும் பிள்ளைகள் இந்த ஒரு காகிதத்தையாவது அவர்கள் கைப்பையில் வையுங்கள். அவர்கள் வாட்ஸ்ஆப்பையும் ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்து கொடுங்கள், நம் எல்லோரையும்விட அதிகமாக ஃபார்வர்டு வருவது அவர்களுக்குத்தான்.

மற்ற நாடுகளில்

பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 7ஆம் அட்டவணைப்படி, எந்தச் சந்தேகமும் இல்லாமலே ஒருவரை விமான நிலையத்தில் 6 மணி நேரம் வரை விசாரிக்கலாம். இந்த விசாரணையில் பாஸ்வேர்டு தர மறுப்பதே குற்றம், 3 மாதம் வரை சிறை. ஹீத்ரோவில் இப்படி மறுத்த ஒருவர் 2017இல் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது, அவர் பிரிட்டிஷ் குடிமகன். நியூஸிலாந்தில் 2018 அக்டோபரில் அமலுக்கு வந்த சட்டப்படி, சந்தேகத்துக்குக் காரணம் இருந்து கேட்கும்போது மறுத்தால் 5,000 நியூஸிலாந்து டாலர் வரை அபராதம். கனடாவில் காற்று வேறு பக்கம் வீசுகிறது. ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இலும் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இலும், வரம்பே இல்லாமல் போனைச் சோதிக்க வழிவிடும் சுங்கச் சட்டப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லிவிட்டன.

வளைகுடா போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அமீரகத்தில் வி.பி.என். (இணையத்தில் நீங்கள் இருக்கும் இடத்தை மறைக்கும் வசதி) வைத்திருப்பது குற்றமில்லை, அதை வைத்து அங்கே குற்றமான ஒன்றைச் செய்தால் குற்றம். அபராதமே 5 லட்சம் திர்ஹமில் தொடங்குகிறது. இந்தியாவுக்கு வரும் உறவினர்களுக்கும் ஒன்று சொல்லி வையுங்கள். சாட்டிலைட் போனும், மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் போன்ற சாட்டிலைட் செய்திக் கருவிகளும் அரசின் அனுமதி இல்லாமல் இங்கே கொண்டுவரக் கூடாது. தெரியாமல் பையில் போட்டு வந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள்.

இன்னொரு சோதனை, நீங்கள் விமானம் ஏறுவதற்கு மாதக்கணக்கில் முன்பே நடந்துவிடுகிறது. 2019 மே மாதத்திலிருந்து அமெரிக்க விசா விண்ணப்பத்தில் கடந்த 5 ஆண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயரைக் கேட்கிறார்கள். 2025 ஜூனில் மாணவர் விசா விண்ணப்பதாரர்களும், அதே ஆண்டு டிசம்பரில் ஹெச்-1பி விண்ணப்பதாரர்களும், அவர்கள் குடும்பத்தினருக்கான ஹெச்-4 விண்ணப்பதாரர்களும் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற நிலை வந்தது. போனைத் துடைத்துவிட்டு ஃபேஸ்புக்கை அப்படியே விட்டால் பாதி வேலைதான் ஆகும். அதற்காக விண்ணப்பத்தில் ஒரு கணக்கை விட்டுவிடாதீர்கள். அது பொய்யாகக் கருதப்படும், பின்னால் கிரீன் கார்டு வரை தொடர்ந்து வரும்.

வந்து சேர்ந்த பிறகு

போன் உங்கள் கண்ணைவிட்டு மறைந்து வேறு அறைக்குப் போய்த் திரும்பியிருந்தால், அதன் மேல் பழைய நம்பிக்கையை வைக்காதீர்கள். வேறு ஒரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்கையும் மீட்கும் வழி அதுதான். பிறகு வங்கி, பிறகு சமூக ஊடகங்கள். வாட்ஸ்ஆப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ போய், நீங்கள் இணைக்காத கருவி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லிவிட்ட பாஸ்கோடை மாற்றுங்கள். அதே எண்ணை ஏ.டி.எம். கார்டுக்கும் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். முடிந்தால் போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, வீட்டில் எடுத்துவைத்த பேக்கப்பிலிருந்து மீட்டுக்கொள்ளுங்கள். உங்கள் போனில் மற்றவர்களின் தகவல் இருந்தது என்றால், அலுவலகமோ நோயாளியோ கட்சிக்காரரோ, அவர்களுக்குச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஒவ்வொரு முறை அமெரிக்கா போகும்போதும் உங்களையே நிறுத்துகிறார்கள் என்றால், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் டிரிப் என்ற குறைதீர்க்கும் திட்டத்தில் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. பெயர் ஒற்றுமையால் சிக்குகிறவர்களுக்கு இது உதவும். விண்ணப்பித்ததும் ஒரு எண் தருவார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று கடிதம் வந்த பிறகு, டிக்கெட் எடுக்கும்போது அந்த எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.